கஜந்தினி செய்து கொடுத்த குரல்

உரும்பிராய்ச் சந்தியிலிருந்து கிழக்கே இறங்கும் ஒழுங்கையில், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் ஜெயதீபனின் வீடு இருக்கிறது. கலியாணம் கட்டி அந்த வீட்டுக்கு வந்தபோது கஜந்தினிக்கு முப்பது வயது ஆகியிருக்கவில்லை. அவள் பிறந்ததும் படித்ததும் உடுவிலில். பல்கலைக்கழகத்தில் கணினி படித்து முடித்ததும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன மென்பொருள் கம்பனியில் வேலை கிடைத்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை தோட்டக்காரன் என்று தெரிந்ததும் சிநேகிதிகள் சீண்டினார்கள். "நீ கொம்பியூட்டரைப் பற்றிக் கதைப்பாய், அவர் கொத்தமல்லியைப் பற்றிக் கதைப்பார். ஆருக்கு ஆர் ஓம் சொல்லுறது?" என்றார்கள்.

ஆனால் அந்த வீட்டில் கதைக்கு ஒருநாளும் குறைவு வரவில்லை. ஜெயதீபனுக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது. தோட்டத்தின் அடுத்த கோடியில் நின்று "கஜா, தேத்தண்ணி!" என்று கூப்பிட்டால் பக்கத்துக் காணிக்காரரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். பின்னேரங்களில் கரப்பந்தாட்டம். ஊர்க் கழகத்துக்காக அவன் விளையாடினதைவிட வெளியே நின்று கத்தினதுதான் கூட என்று சொல்லிச் சிரிப்பார்கள். பீற்றூட் விலை, மழை, கழகத்துச் சண்டை, அவளுடைய கம்பனியில் வாடிக்கையாளர் போட்ட கூச்சல் எல்லாவற்றையும் அவனோடு கதைக்கலாம். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றியும் இரண்டு பேரும் ஒளிக்காமல் கதைத்து, அழுது, ஆறியிருந்தார்கள்.

நோய் முதலில் தெரிந்தது மைதானத்தில். அவன் அடித்த பந்து வலையைத் தொடவே இல்லை. இரண்டாம் முறையும் அப்படித்தான். கை உளுக்கிவிட்டது என்று எண்ணெய் பூசிக்கொண்டான். பிறகு தண்ணீர் மோட்டரின் கைப்பிடியைத் திருக ஏலாமல் போனது. அதற்குப் பிறகு நாக்குத் தடித்ததுபோல் பேச்சுக் குழறியது. சந்தியில் யாரோ, "தீபன் இப்ப பகலிலையும் போடத் தொடங்கிட்டான் போலை" என்று சொன்னது அவள் காதுக்கு வந்தது. அவன் வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டவன் இல்லை.

கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது நரம்பு வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார். தசைகளை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய். மருந்து இல்லை. "கண்ணும் காதும் அறிவும் கடைசிவரைக்கும் அப்படியே இருக்கும்" என்று அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். திரும்பி வருகிற ரயிலில் ஜெயதீபன் குழறிக் குழறி அவளிடம் கேட்டான்: "அதுதான் கஜா பயமாயிருக்கு. எல்லாம் விளங்கிக்கொண்டு சும்மா கிடக்கிறதோ?" அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வருடம் அவன் கட்டிலோடு ஆனான். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு இராசமலர் வந்தார். மூன்று வீடு தள்ளி இருக்கிறவர், புருசன் இல்லாதவர், ஐம்பது தாண்டியவர். எல்லாருக்கும் மலரக்கா. அவனைத் திருப்பிப் படுக்கவைப்பது, கூழாக அரைத்த சாப்பாட்டைக் கரண்டியால் கொடுப்பது, தொண்டையில் சளி அடைத்தால் இழுக்கிற மெசினைப் போட்டுக் குழாயால் எடுத்துவிடுவது எல்லாவற்றையும் ஆஸ்பத்திரித் தாதியிடம் பார்த்துப் பழகிக்கொண்டார். பேச்சு அறவே போகும் முன் ஜெயதீபன் கஜந்தினியிடம் கேட்டது ஒன்றுதான்.

"உம்மடை கொம்பியூட்டராலை எனக்கு ஒரு குரல் செய்யேலாதோ?"

"செய்யலாம். செய்து தாறன்" என்றாள்.

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எப்படிச் செய்வது என்று யோசித்தாள். கம்பனியில் கழித்துவிட்ட பழைய மடிக்கணினி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கட்டிலுக்கு மேலாகச் சட்டம் அடித்துப் பொருத்தினாள். அவனுடைய வலக்கைச் சுட்டுவிரலில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. அந்த விரலுக்குக் கீழே ஒரு மெல்லிய பொத்தானை ஒட்டினாள். திரையில் எழுத்து வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். வேண்டிய வரிசை வரும்போது அவன் பொத்தானை அமத்த வேண்டும். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து. 'சளி', 'தண்ணி', 'திருப்பி விடுங்கோ' போன்ற அவசரச் சொற்களை மேல்வரிசையில் முழுதாகவே வைத்தாள். அவற்றுக்கு ஒரு அமத்தல் போதும்.

பேசுகிற வேலை அவளுடைய புரோகிராமுடையது அல்ல. தமிழை வாசித்து ஒலியாக்குகிற வேறொரு புரோகிராம் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதைத் தன் புரோகிராமுக்குள்ளிருந்தே இயக்கி, ஜெயதீபன் எழுதியதை அதன் வாய்க்குள் கொடுத்துவிடுவாள். ஒவ்வொரு வசனத்துக்கும் அதைப் புதிதாக இயக்கினால் அந்தப் பழைய மடிக்கணினி இழுபட்டது. அதனால் ஒருமுறை இயக்கி நாள்கணக்காக உயிரோடு வைத்திருந்து, வசனம் வசனமாகக் கொடுக்கும்படி எழுதினாள்.

இப்படி ஒரு புரோகிராம் இன்னொன்றை இயக்கும்போது இரண்டுக்கும் இடையில் மூன்று குழாய்கள் போடலாம். ஒன்று, உள்ளே கொடுப்பதற்கு. மற்றது, அது தருகிற பதிலை வாங்குவதற்கு. மூன்றாவது, அது சொல்லுகிற பிழைகளையும் முறைப்பாடுகளையும் வாங்குவதற்கு. கஜந்தினி மூன்றையும் போட்டாள். மூன்றாவது குழாயில் வருவதைப் பிறகு ஆறுதலாகப் பார்ப்போம், ஏதாவது பிழைத்தால் உதவும் என்று நினைத்தாள். அவனைக் குளிப்பாட்டவும் வேலைக்கு ஓடவும் சமைக்கவுமே நேரம் போதாமல் இருந்தது. அந்தக் குழாய் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

அந்தக் குரல் முதல்முதல் சொன்ன வசனம் "மலரக்கா, கறிக்கு உப்புக் காணாது" என்பதுதான். இயந்திரக் குரல். ழகரம் அதற்கு வராது, எல்லாச் சொல்லையும் ஒரே தட்டில் சொல்லும். மலரக்கா அகப்பையோடு ஓடி வந்து, திரையைப் பார்த்து, அவனைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "குரல் வந்தவுடனை குறையும் வந்திட்டுது" என்றார். ஜெயதீபனின் முகத்தில் அப்போதும் கொஞ்சம் சிரிப்பு மிச்சமிருந்தது.

கையில் கட்டியிருந்த அழைப்பு மணியைக் கழற்றி வைத்தார்கள். அதை அமத்த அவனுக்குப் பலம் போதாது. குரல் இருக்கும்போது மணி எதற்கு?

சில வேளைகளில் குரல் வராமல் நின்றுவிடும். கஜந்தினி மடிக்கணினியை நிறுத்தித் திரும்பப் போடுவாள், வந்துவிடும். பழைய பொருள், சூடேறி நிற்கிறது என்று நினைத்தாள். புதிது ஒன்று எடுக்க வேண்டும் என்று அவனிடமும் சொன்னாள். "இது காணும்" என்று அந்தத் தட்டையான குரலில் பதில் வந்தது.

போன வருடம் இணுவில் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்கு ஜெயதீபனின் அண்ணன் றஜிந்தன் பிரான்சிலிருந்து வந்தார். தம்பியின் கட்டிலடியில் நிற்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அந்தரப்பட்டார். போகும் முன் தன் மனம் ஆறுவதற்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. யாழ்ப்பாண நகருக்குப் போய் நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வந்து, மடிக்கணினியில் செருகி, சத்தத்தைக் கூட்டினார்.

"என்ரை தம்பியின்ரை குரல் ஒழுங்கை முழுக்கக் கேக்கோணும்" என்றார்.

உண்மையில் கேட்டது. மலரக்கா கிணற்றடியில் நின்றாலும் கேட்டது. தண்ணீர் மோட்டர் ஓடும்போதும் கேட்டது. அதனால் மலரக்காவுக்கு ஒரு விடுதலை கிடைத்தது. முன்பெல்லாம் நிமிடத்துக்கொரு தடவை அறைக்குள் எட்டிப் பார்க்கிறவர், இப்போது கூப்பிட்டால் போகலாம் என்ற தைரியத்தில் தோய்ச்சல், கூட்டல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்தார். கஜந்தினியும் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டாள்.

அது நடந்தது ஒரு புதன்கிழமை முற்பகல். கம்பனியில் ஒரு கூட்டத்தில் இருந்தபோது கஜந்தினியின் போன் அடித்தது. எடுத்தால் மலரக்காவின் அழுகை மட்டும்தான் கேட்டது. சொல் ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியன் போனை வாங்கி, "அக்கா, தீபன் அண்ணைக்கு மூச்செடுக்கேலாமல் போட்டுது. அம்புலன்ஸுக்கு அடிச்சிட்டம்" என்றான்.

அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பலாலி வீதியில் வடக்கே பறந்தாள். கோண்டாவில் தாண்டவில்லை; எதிரே அம்புலன்ஸ் கத்திக்கொண்டு வந்தது. அது அவனுடையதுதானா என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் ஸ்கூட்டியைத் திருப்பி அதன் பின்னால் ஓடினாள். கண்ணாடிக்குள் யாரோ குனிந்து நிற்பது தெரிந்தது. முந்திப் போகவும் முடியாது, உள்ளே ஏறவும் முடியாது. அந்த வாகனத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பெரியாஸ்பத்திரி வரைக்கும் போனாள்.

உயிர் இருந்தது. சளி அடைத்து, நீலம் பாய்ந்து, நுரையீரலுக்குள்ளும் இறங்கியிருந்தது. குழாய் இறக்கி மூச்சு மெசினில் போட்டார்கள். இளம் வைத்தியர் ஒருவர் வெளியே வந்து விபரம் கேட்டார்.

"வீட்டிலை சளி இழுக்கிற மெசின் இல்லையோ?"

"இருக்கு டொக்டர்."

"இழுக்கத் தெரிஞ்ச ஆள்?"

"அவவும் இருந்தவ."

"அப்ப?"

 வைத்தியர் பதிலுக்குக் காத்து நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

மலரக்கா ஆஸ்பத்திரி வாசலில் ஈரச் சீலையோடு இருந்தார். நடந்ததை அவர் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிச் சொன்னார். காலைக் கஞ்சி கொடுத்தார். முகம் துடைத்தார். அவனுடைய படுக்கை விரிப்புகளைத் தோய்க்கக் கிணற்றடிக்குப் போனார். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தோய்த்துக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தால், தம்பி கண்ணைப் பிதுக்கிக்கொண்டு கிடந்தான்.

"மோட்டர் சத்தத்திலை எனக்குக் கேக்கேல்லை, பிள்ளை. கூப்பிட்டிருப்பார். எனக்குத்தான் கேக்கேல்லை."

"மோட்டர் ஓடினாலும் கேக்கிறதுதானே அக்கா?"

"எண்டைக்கும் கேக்கிறதுதான். இண்டைக்கு என்ரை காதுக்கு என்ன வந்ததோ தெரியேல்லை."

பின்னேரம் றஜிந்தன் பிரான்சிலிருந்து வட்ஸ்அப்பில் எடுத்தார். செய்தியைக் கேட்டதும் வெடித்தார்.

"உவ என்ன செய்துகொண்டு நிண்டவ? உதுக்குத்தானே ஆளை வைச்சிருக்கிறது?"

"தோய்ச்சுக்கொண்டு நிண்டவ, அத்தான்."

"பெரிய தோய்ச்சல்! வேறை ஆளைப் பாரும்."

கஜந்தினிக்கு அருகில்தான் மலரக்கா இருந்தார். போனில் வந்த ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்டது. அவர் சீலைத் தலைப்பை வாயில் வைத்து அமத்திக்கொண்டு தரையைப் பார்த்தார்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் குறித்த வேளையில் மட்டுமே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. உள்ளே போனாலும் அவன் மயக்கத்தில் இருந்தான். கையைப் பிடித்தால் கை சும்மா இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, கொஞ்சம் பரவாயில்லை, நீங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்று தாதி சொன்னதும் உரும்பிராய்க்கு வந்தாள்.

மலரக்கா வீட்டைக் கழுவிக்கொண்டு நின்றார். கூலிக்கு வந்ததல்ல, சும்மா இருக்க ஏலாமல் வந்தது. கஜந்தினி குளித்துவிட்டு, அவனுடைய அறைக்குள் துவாய் எடுக்கப் போனாள். கட்டில் வெறுமையாக இருந்தது. அதற்கு மேலே மடிக்கணினி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஒருவரும் அதை நிறுத்த நினைக்கவில்லை.

நிறுத்தப் போனவள் திரையைப் பார்த்தாள். ஜெயதீபன் கடைசியாக எழுதியவை அப்படியே இருந்தன. ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் பச்சை நிறத்தில் சின்ன அடையாளம் விழுந்திருந்தது. பேசுகிற புரோகிராமிடம் கொடுத்தாயிற்று என்பதற்கு அவள்தான் அப்படி ஒரு அடையாளம் வைத்திருந்தாள். எல்லாம் பச்சை. கூப்பிட்டிருக்கிறான். பிறகு எப்படிக் கேட்காமல் போகும்? 'தண்ணி' என்ற சொல்லைத் தானே ஒருமுறை அமத்திப் பார்த்தாள். அதற்கும் பச்சை விழுந்தது. ஸ்பீக்கரில் மூச்சில்லை.

துவாயைத் தோளில் போட்டபடி கட்டில் விளிம்பில் இருந்தாள். மடிக்கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டால் சரிவரும் என்று தெரியும். இதற்கு முதல் எல்லாத் தடவையும் அதைத்தான் செய்தாள். இந்தமுறை செய்யவில்லை. பேசுகிற புரோகிராம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்தாள். அது செத்திருக்கவில்லை. உயிரோடுதான் இருந்தது. எதையோ எழுதப் போய், எழுத இடமில்லாமல் நின்றது. எங்கே எழுதப் போனது என்று பார்த்தாள். மூன்றாவது குழாய்.

ஸ்பீக்கர் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வசனத்துக்கும் அது முறைப்பாடு எழுதியிருக்கிறது. கேட்ட வேகத்தில் ஒலி போகவில்லை, வேறு வேகத்தில் போகிறது என்று ஒன்றுக்கும் உதவாத எச்சரிக்கை, அதே எச்சரிக்கை, பக்கம் பக்கமாக. குழாய்க்கு ஒரு கொள்ளளவு இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒருவரும் எடுத்து வாசிக்காவிட்டால் அது நிரம்பும். நிரம்பினால், எழுதுகிற புரோகிராம் இடம் கிடைக்கும்வரை நின்றுவிடும். வேறு எந்த வேலையும் செய்யாது. முன்பு எப்போதாவது வந்த முறைப்பாடுகளால் கிழமைக் கணக்காக எடுத்து நிரம்பியது, புது ஸ்பீக்கரின் புண்ணியத்தில் சுருக்காக நிரம்பியிருக்கிறது. எடுத்து வாசிக்க வேண்டிய ஆள் அவளுடைய புரோகிராம். அதற்கு வாசிக்கச் சொல்லி அவள் எழுதவேயில்லை.

சரிதானா என்று பார்ப்பதற்காக, கட்டளை ஒன்றை அடித்து அந்தக் குழாயில் அடைத்துக் கிடந்ததை வெளியே இழுத்தாள். எச்சரிக்கைகள் திரையில் கடகடவென்று ஓடின. அவை ஓடி முடிந்ததும் என்ன நடக்கும் என்று அவள் யோசித்திருக்கவில்லை.

ஸ்பீக்கர் உயிர்த்தது.

"யன்னலைச் சாத்துங்கோ. வெய்யில் முகத்திலை படுது" என்றது தட்டையான குரல், ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி.

கஜந்தினி எழும்பி நின்றாள்.

"மலரக்கா."

"சளி."

"சளி."

"மலரக்கா சளி."

புதன்கிழமை அவன் உள்ளே கொடுத்தவை எல்லாம் முதலாவது குழாயில் வரிசையாகக் காத்து நின்றிருக்கின்றன. வழி திறந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிறுத்துவதா விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. 

"என்ன தம்பி? வாறன், வாறன்!" குசினிப் பக்கமிருந்து மலரக்கா ஈரக்கையோடு ஓடிவந்தார். கால் வழுக்கி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். வெறுங்கட்டில்.

"சளி" என்றது குரல். "கஜா." பிறகு விரல் தன்பாட்டுக்குத் துடித்திருக்க வேண்டும். "க. க. க. க." என்று எழுத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போய், கடைசியாக அவளே அமத்திப் பார்த்த "தண்ணி" என்ற சொல்லோடு நின்றது.

 மலரக்காதான் முதலில் வாய்திறந்தார்.

"பாத்தீரே பிள்ளை? கூப்பிட்டவர்தானே!"

"அக்கா, இல்லை. அண்டைக்கு இது சத்தம் போடேல்லை. உங்களுக்குக் கேக்காதது உங்கடை பிழை இல்லை. நான் எழுதினதிலைதான் பிழை. உள்ளுக்கை அடைச்சுக்கொண்டு நிண்டது. இப்ப நான் எடுத்துவிட்ட பிறகுதான் கதைக்குது."

"இப்ப கதைக்கிறது அண்டைக்குக் கதைச்சதைத்தானே?"

"அண்டைக்கு எழுதினவர். கதைக்கேல்லை. இது கதைக்கேல்லை அக்கா."

"எத்தினை தரம் கூப்பிட்டிருக்கிறார்" என்றார் மலரக்கா. அவர் கஜந்தினியைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சளி, சளி எண்டு. நான் அங்கை சீலை தோய்ச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன்."

கஜந்தினி மூன்று குழாய்களைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். கிணற்று வாய்க்காலில் சருகு அடைத்தால் தண்ணீர் நிற்பதுபோல என்று சொல்லிப் பார்த்தாள். மலரக்கா தலையை ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்து, "நீர் எனக்காகச் சொல்லுறீர்" என்றார். கழுவிய வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.

றஜிந்தனுக்கும் சொன்னாள். பிழை தன்னுடையது, மலரக்காவைக் குறைசொல்ல வேண்டாம் என்று தெளிவாகவே சொன்னாள். "லப்ரொப் பழுதாப் போச்சு எண்டு சொல்லுறீர். சரி, அது மெசின். மனிசர் எட்டிப் பாக்கிறதுக்கென்ன?" என்றார் அவர். ஸ்பீக்கரைப் பற்றி அவள் அவரிடம் சொல்லவில்லை. கம்பனியில் ஜெரிசன் என்ற இளையவனிடம் சொன்னபோது அவன் உடனே விளங்கிக்கொண்டான். "அக்கா, உது எல்லாருக்கும் நடக்கிற பிழைதானே. வாசிக்காட்டி அடைக்கும் எண்டு மனுவலிலையே போட்டிருக்கிறாங்கள்" என்றான். அவன் இரங்கித்தான் சொன்னான். அவள் கழிப்பறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

திருத்துவது சின்ன வேலைதான். மூன்றாவது குழாயில் என்ன வந்தாலும் உடனுக்குடன் எடுத்துக்கொண்டேயிருக்கத் தனியாக ஒரு பகுதி எழுதினாள். குரல் உண்மையில் வெளியே போன பிறகு மட்டும் பச்சை விழும்படி மாற்றினாள். குரல் நின்றால் தன் போனுக்கு அறிவிக்கும்படியும் செய்தாள். ஆஸ்பத்திரி வாங்கிலேயே இருந்து எழுதி முடித்தாள். எத்தனையோ நாளாக நேரமில்லை என்று தள்ளிப்போட்ட வேலை.

ஜெயதீபன் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்த நிலையில் வீட்டுக்கு வந்தபோது மாரி தொடங்கியிருந்தது. சட்டத்தைச் சரிபார்த்து, மடிக்கணினியைப் போட்டு, வலக்கைச் சுட்டுவிரலைத் தூக்கிப் பொத்தானில் வைத்தாள். எழுத்து வரிசைகள் ஒளிர்ந்து ஒளிர்ந்து போயின. விரல் அசையவில்லை. பொத்தானை இன்னும் இளக்கினாள். மற்ற விரலில் வைத்துப் பார்த்தாள். கால் பெருவிரலிலும் வைத்துப் பார்த்தாள். அவன் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கண்ணை மூடித் திறந்தான். விடும் என்று சொல்கிறான் என்று அவளுக்கு விளங்கியது.

கண் அசைவைப் பார்த்து எழுதுகிற கருவிகள் இருக்கின்றன. ஆனால் அவனுடைய இமைகளும் தளரத் தொடங்கியிருந்தன; அவள் பரீட்சித்துப் பார்த்த கருவி அவன் பார்வையைப் பிடிக்காமல் தடுமாறியது. அதனால் ஒரு கண்ணாடித் தகட்டில் எழுத்துகளை எழுதி அவனுக்கும் தனக்கும் நடுவில் பிடித்தாள். அவன் எந்த எழுத்தைப் பார்க்கிறான் என்று மறுபக்கத்திலிருந்து அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். சரியென்றால் கண்ணை மூடுவான். ஒரு வசனம் முடிவதற்குள் அடுப்பில் சோறு பொங்கி வழிந்துவிடும்.

அன்று நடந்ததை அவனுக்கு முழுதாகச் சொன்னாள். தன் பிழை என்று சொன்னாள். அவன் கண்ணை மூடினான். விளங்கியது என்றா, மன்னித்தேன் என்றா, களைத்துவிட்டேன் என்றா, அவளுக்குத் தெரியவில்லை. தகட்டை எடுத்துப் பிடித்துக் கேட்கவும் அவளுக்குத் துணிவு வரவில்லை. சில நாளின் பின் அவனே தகட்டைக் கேட்டு எழுதியது வேறு.

"மலரக்கா எங்கை?"

கஜந்தினி மழைக்குள் குடையோடு போனாள். மலரக்கா வாசலில் நின்று, "நான் என்னெண்டு வந்து அவற்றை முகத்திலை முழிக்கிறது?" என்றார்.

"அவர்தான் கேக்கிறார், அக்கா. நான் கூப்பிடேல்லை."

அதைக் கேட்டு மலரக்கா சீலையை மாற்றிக்கொண்டு வந்தார். கட்டிலுக்குக் கிட்டப் போகாமல் கதவடியில் நின்றார். ஜெயதீபனின் கண்கள் அவரிடம் போயின. பிறகு தகட்டைத் தேடின. கஜந்தினி தகட்டைப் பிடித்தாள். மலரக்கா இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, தீர்ப்புக் கேட்கிறவர்போல் நின்றார். எழுத்தெழுத்தாக வந்தது. கஜந்தினி சேர்த்து வாசித்தாள்.

"வலக்கால். நோகுது. அக்கா மாதிரி வையும்."

கஜந்தினி கால் வைத்த விதம் அவனுக்குச் சரிவரவில்லை. மலரக்காவுக்குத்தான் அந்தக் காலின் வாகு தெரியும். அவர் வந்து, போர்வையை விலக்கி, முழங்காலுக்குக் கீழே தலையணையை மடித்துச் செருகி, குதிக்காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தார். அவன் கண்ணை மூடினான். மலரக்கா இன்னும் ஏதோ வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். அவன் நித்திரையாகிவிட்டான்.

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ, பிள்ளை?"

"இல்லை அக்கா."

மலரக்கா போர்வையை இழுத்துவிட்டு, மழை விடும் வரைக்கும் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். திரும்பவும் வேலைக்கு வரச்சொல்லிக் கஜந்தினி கேட்டாள். அவர் மறுத்துவிட்டார். கேட்பதை அவளும் நிறுத்திவிட்டாள்.

இப்போது கஜந்தினி கம்பனி வேலையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தே செய்கிறாள். வாடிக்கையாளரோடு கதைக்கும்போது ஒரு கை விசைப்பலகையிலும் ஒரு கண் அவனிலும் இருக்கும். அவன் வரவரக் குறைவாகவே தகட்டைக் கேட்கிறான். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்வருகிற வழியில் மலரக்கா திருநீறு கொண்டுவந்து அவன் நெற்றியில் பூசுவார். காலைச் சரிசெய்து வைப்பார். ஊர்ப் புதினம் சொல்லுவார். ஆனால் அவனோடு தனியே நிற்கமாட்டார். படலையைத் திறந்ததும் உள்ளே வரமாட்டார். முற்றத்தில் நின்றபடியே முதலில் ஒன்றைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வார்.

"பிள்ளை, நீர் வீட்டிலைதானே நிக்கிறீர்?"